அண்ணாச்சி பக்குவம்

சுரண்டை பஸ் கண்டக்டர் காஜாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொல்லிவிட்ட சேதியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்துவிடுவான். கெட்ட குணமும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில்தான் அதைச் சொல்லுவான்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் விடிந்தால் ஆடி. கோயில் ஆபீஸ் குமாஸ்தா வீரபாகு, பட்டையாகத் திருநீறு பூசி, வேட்டியைத் தூக்கிச் செருகி, தன் சைக்கிளில் தென்காசி பஸ் ஸ்டாண்டைக் கடந்துகொண்டிருந்தார்.

"வீரபாகு அண்ணாச்சி! ஒங்க மாப்பிள்ளை சொல்லிவிட்டாரு!"

வீரபாகு ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "என்னலே?"

"நீங்க சுரண்டைக்கு வந்து, அவுக வீட்டு வாசல்ல நின்னு, 'எனக்கு அப்பு தெரியாது'ன்னு நாலு பேரு கேக்கச் சொல்லணுமாம். சொன்னாத்தான் பேராச்சி அக்காவைத் தலை ஆடிக்கு அனுப்புவாராம். இல்லன்னா இந்த வருசம் ஆடியே கெடையாதுங்காரு. போலாம், ரைட்!"

பஸ் போய்விட்டது. சேதி போகவில்லை. பூக்கட்டுகிறவள், சோடாக்காரன், திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்ற கல்யாணக் கூட்டம் எல்லாம் வீரபாகுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல்தான் சிவக்கும். அன்றைக்குக் காதில் செம்பருத்திப் பூ செருகியிருக்கிறாரோ என்று நினைக்கும்படி ஆகிவிட்டது.

அப்பு என்பது வேறொன்றுமில்லை. சைக்கிள் சக்கரத்துக்கு நடுவே, கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற இரும்புக் குடம். இங்கிலீஷ்காரன் 'ஹப்' என்றானாம். தென்காசி நாக்கு அதைக் கழுவித் துடைத்து அப்பு என்று வைத்துக்கொண்டது. இதில் ஒரு சங்கடம். கன்னத்தில் விழுகிற அறைக்கும் இந்தப் பக்கத்தில் அப்பு என்றுதான் பேர். மேலுக்குச் சந்தனத்தை அள்ளித் தடவினால் அதுவும் அப்புகிறதுதான். ஆகையால் எந்த அப்பு என்று கேட்டுக்கொண்டு கோபப்படுவது உத்தமம். வீரபாகுவுக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்பு பார்க்கிறதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். தென்காசியிலும் குத்துக்கல்வலசையிலும் எவன் சைக்கிள் வாங்கினாலும் அது முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுண்டு சுண்டிவிடுவார். பிறகு சாவகாசமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் அதக்கி, மென்று, எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். அதுவரைக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் "சவம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சுற்றினால் அடுத்த பரீட்சை. ரிம்மை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுவார். லேசாக 'டக்' என்றால் "ஆட்டம்". கடைசியில் கேரியரில் ஒரு தவிட்டு மூட்டையைக் கட்டித் தானே ஏறி, தேர் திரும்புகிற முக்கில் சைக்கிளைச் சாய்த்து ஒடிப்பார். ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேக் கட்டையை உரசாமல் விறைத்து நின்றால்தான் இறங்கி வந்து "அப்பு கட்டி" என்பார். அந்த இரண்டு சொல்லுக்காக ஜனம் காத்துக் கிடக்கும். அவர் கையால் ஒரு நாளும் ஸ்பானர் பிடித்தது கிடையாது. அதை யாரும் கேட்டதுமில்லை.

அப்படித் தேறிய சைக்கிளில் ஒன்றுதான் அவர் மாப்பிள்ளை நெல்லையப்பனுடையது. மாப்பிள்ளை என்றால் தங்கை பேராச்சியின் புருஷன். சுரண்டையில் நிலம் நீச்சு உள்ள வீடு. பருத்தி, மிளகாய் விளைகிறது. அது போதாதென்று சைக்கிள் பந்தயப் பைத்தியமும் இருந்தது. குற்றாலம் சீசனை ஒட்டி இளவட்டங்கள் ஒரு போட்டி நடத்துவார்கள். தென்காசியில் கிளம்பி, குற்றாலம் போய், இலஞ்சி வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கென்றே நெல்லையப்பன் மசூதுவின் சைக்கிள் கடையில் சீமை அப்பு வைத்து இரண்டு புதுச் சக்கரம் கோத்துக்கொண்டு மச்சானிடம் வந்தான். வீரபாகு இரண்டாவது வெற்றிலை போட்டு முடித்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, இந்த மாதிரி அப்பு நான் பாத்ததில்ல. இனிமே இதை ஒருத்தனும் தொடக்கூடாது. மசூது கடைப்பக்கம்கூடக் கொண்டுபோயிராதீய."

மாப்பிள்ளை சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. யாரையும் தொடவிடவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள் குற்றாலத்துக்குப் போய், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயை அப்பிக்கொண்டு அருவியில் நின்றவன், சைக்கிளையும் ஆற்றில் இறக்கிக் கம்பி கம்பியாகத் தேய்த்துக் குளிப்பாட்டினான். பந்தய நாளில் சாரலோ சாரல். குற்றாலம் வரைக்கும் அவன்தான் முதல். இலஞ்சியை நெருங்கும்போது முன்சக்கரம் மிதிபட்ட பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. நெல்லையப்பன் நிற்கவில்லை. ஹேண்டில்பாரில் முன்பல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்றங்காலில் போய்த் தலைகீழாக நடவு ஆனான்.

அதற்குப் பிறகு ஒரு வாரமாகச் சுரண்டையிலிருந்து சத்தமே இல்லை. இன்றைக்குத்தான் காஜா வாயால் வந்தது.

வீரபாகு ஆபீசுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினார். மனைவி முத்துவடிவு அடுக்களையில் தடியங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது என்பதை அவள் அருவாமனையிலிருந்து தலையைத் தூக்காததிலேயே தெரிந்துகொண்டார்.

"கேட்டியா அவன் திமிரை?"

"கேட்டேன். மூணு சொல்லுதான. போய்ச் சொல்லிட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

"சொல்ல மாட்டேன். அந்த அப்பு கட்டிதான்!"

"கட்டிதான். யாரு இல்லன்னா? மாப்பிள்ளை பல்லுதான் கட்டி இல்லாமப் போச்சு."

காபி தம்ளரை அவர் வைத்த வேகத்தில் காபி தரையில் இருந்தது. முத்துவடிவு ஒரு துணியை எடுத்து அவர் பக்கம் போட்டாள்.

"துடைங்க. முறுக்குக்கு மாவு இடிச்சு வச்சாச்சு. அவ கட்டிலைக் கழுவிப் போட்டாச்சு. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்குப் பிறந்த வீடுன்னா நீங்கதான். கல்யாணம் ஆகி முதல் ஆடிக்கு அண்ணன் வந்து கூப்பிடலன்னா சுரண்டையில அவளை என்ன பேச்சுப் பேசுவாக? ஒங்களுக்கு அப்பு பெருசா, பேராச்சி பெருசா?"

அவர் குனிந்து காபியைத் துடைத்தார். அதனாலேயே கோபம் இன்னும் ஒரு படி ஏறிற்று. பேராச்சியைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டவர் அவர். அவள் தலை ஆடிக்கு வராமல் இருப்பது என்ற நினைப்பே நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. ஆனால் அப்பு தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வதா? நாளைக்குப் பஸ் ஸ்டாண்டைக் கடக்க வேண்டாமா? யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்று பளிச்சென்று தட்டியது. அவர் பார்த்துத் தேறிய அப்பு கெடாது. கெட்டது என்றால் எவனோ கை வைத்திருக்கிறான். கை வைக்கக்கூடியவன் ஊரில் ஒருத்தன்தான்.

மசூதுவின் சைக்கிள் கடை தெற்குத் தெரு முனையில். வீரபாகு போய் இறங்கியபோது நெல்லையப்பனின் முன்சக்கரமே அங்கே பிரித்துப் போட்டுக் கிடந்தது. காஜா முந்தின நாள்தான் பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அப்பு தனியாக, அச்சு தனியாக, கோன் என்கிற அந்தக் கூம்புத் துண்டு தனியாக. கோனின் வழவழப்பான முகம் முழுக்க எலி கடித்த தேங்காய் மாதிரிக் குழி குழியாகி இருந்தது.

"வாங்க அண்ணாச்சி," என்று மசூது அவசரமாக ஒரு துணியை அதன்மேல் போட்டு மூடினான். அதுதான் தப்பாகப் போயிற்று.

"மூடுதீரோ? செய்யுததையும் செஞ்சுபோட்டு மூடுதீரோ? என் மாப்பிள்ளை அப்புல என்னவே பண்ணினீரு?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி."

"நான் கண்ணால பாத்த அப்பு! ரெண்டு வெத்தலைக்குச் சுத்தின அப்பு! நீரு தொடாம அது எப்படிக் கடிக்கும்?"

கடையில் காற்றடிக்க வந்தவர்கள், வாடகைச் சைக்கிளுக்கு நின்றவர்கள், பக்கத்து டீக்கடை பெஞ்சு மொத்தமும் வந்து வளைத்துக்கொண்டது. கூட்டத்தைப் பார்த்ததும் வீரபாகுவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பலகையில் இருந்த தகர டப்பாவை ஒரு தட்டுத் தட்டினார். அதில் இருந்தது பால்ரஸ். அப்புக்குள் உருளுகிற எஃகுக் குண்டுகள். அத்தனையும் தெருவில் இறங்கி, ஆளுக்கு ஒரு திசையாக, சாக்கடை இருக்கிற இடம் தெரிந்ததுபோல ஓடின. கூட்டம் குனிந்து பொறுக்கத் தொடங்கியது.

மசூது சாதுவான மனுஷன். தன் கல்யாணத்தன்றுகூட அவன் சத்தமாகப் பேசிக் கேட்டவர்கள் இல்லை. ஆனால் பால்ரஸ் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு எந்தச் சைக்கிள் கடைக்காரன் சாதுவாக இருப்பான்?

"தொட்டேனா? தொட்டேனாங்கியளா?" என்று கத்தினான். "தொடலையேன்னுதான் நானும் ஒரு வாரமா வயிறு எரிஞ்சுபோய்க் கெடக்கேன்! தொட்டிருந்தா ஒங்க மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்கும்!"

"என்னது?"

"பின்ன என்ன அண்ணாச்சி? அப்புக்குள்ள கிரீஸ் அப்பி இருந்தா எந்தச் சக்கரமாவது நீங்க வெத்தலை மென்னு துப்புத வரைக்கும் சுத்துமா? மெதுவா நாலு சுத்து சுத்தி நிக்கும். நீங்க 'சவம்'ன்னுருவிய. அப்புறம் அந்தச் சைக்கிளை எவன் வாங்குவான்? அதனால ஒங்க வாசலுக்கு வாற ஒவ்வொரு சைக்கிளுக்கும் முதல்ல கிரீஸ் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துப்புட்டு, தையல் மிசினு எண்ணெய் சொட்டு விட்டு அனுப்புவேன். எண்ணெயில பம்பரமாச் சுத்தும். நீங்க 'அப்பு கட்டி'ம்பிய. அவன் சந்தோசமாத் திரும்பி வருவான். நான் எண்ணெயைத் துடைச்சுட்டுக் கிரீஸை நல்லா அப்பி அனுப்புவேன். இந்தக் கடையில அதுக்குப் பேரே 'அண்ணாச்சி பக்குவம்'!"

வீரபாகு சுற்றிப் பார்த்தார். பால்ரஸ் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தரும் நிமிரவில்லை. பொறுக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்திலும் சிலர் வெகு அக்கறையாகத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருடைய சைக்கிளை அவர் தேற்றிக் கொடுத்திருந்தார்.

"எவ்வளவு காலமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கடை தொறந்ததிலேருந்து."

"இவனுகளுக்கெல்லாம் தெரியுமா?"

மசூது குனிந்து ஒரு பால்ரஸைப் பொறுக்கினான். டீக்கடை பெஞ்சு தொண்டையைக் கனைத்தது.

"ஒங்க மாப்பிள்ளை மட்டும் திரும்பி வரல," என்றான் மசூது, கொஞ்சம் தணிந்து. "நீங்க யாரும் தொடக்கூடாதுன்னுட்டிய. அவரு எண்ணெயோடயே ஓட்டினாரு. அந்த எண்ணெயும் ஆத்துலயும் சாரல்லயும் போச்சு. வெறும் இரும்பும் வெறும் இரும்பும் கடிச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஆனா ஒண்ணு அண்ணாச்சி, குடம் கல்லு மாதிரி இருக்கு. அச்சு ஒரு மயிரிழை வளையல. விறைப்பைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். பாதி சரி."

"என் சைக்கிளு?"

"ஒங்க சைக்கிளுக்கு என்ன, நல்லா அப்பித்தான் வச்சிருக்கேன். ஒங்களுதை நீங்க என்னைக்குச் சுத்திப் பாத்திய?"

வீரபாகு தம் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுண்டு சுண்டிவிட்டார். அது பெரிய மனுஷ நடையில் நாலு சுற்றுச் சுற்றியது. அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறக்குமுன் நின்றுவிட்டது.

"சவம்," என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். எவன் என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனுக்கு அன்றைக்கே இன்னொரு வகை அப்பு கிடைத்திருக்கும்.

அந்தச் சவத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து வீரபாகு சுரண்டை ரோட்டில் மிதித்தார். யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. மசூது மேலா, ஊர் மேலா, பல்லுப் போன மாப்பிள்ளை மேலா? எதிரே மாட்டுவண்டியில் வந்தவர் ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, சுரண்டைக்கா? சொல்லப் போறியளா?" என்று விசாரித்தார். காஜா வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். அடுத்த ஊரிலும் அதே கேள்வி. அதற்கடுத்த ஊரில் கேள்வி இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. சக்கரம் என்னவோ ஒரு முனகல் இல்லாமல், ஒரு ஆட்டம் இல்லாமல் ஓடிற்று. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நெல்லையப்பன் வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். உதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. தெருவும் தயாராக இருந்தது.

"வாங்க மச்சான். சொல்லுங்க."

"சொல்லுதேன். அதுக்கு முன்ன நான் கேக்குததுக்குப் பதில் சொல்லும். அச்சு வளைஞ்சுதா?"

"இல்ல."

"குடம் பிளந்துதா?"

"இல்ல."

"பின்ன? நான் கட்டின்னேன், கட்டிதான. எனக்கு அப்பு பாதி தெரியாது. சரியா? பாதி!"

"பாதி கீதியெல்லாம் கெடையாது," என்றான் நெல்லையப்பன். காற்று பல்லுப் போன இடைவெளி வழியாகப் போனதால் அந்தச் சொல்லே பாதிதான் கேட்டது. "எனக்குப் பல்லு பாதியா போச்சு? முழுசால்லா போச்சு. முழுசாச் சொல்லுங்க."

"முக்கால் தெரியாதுன்னு வச்சுக்கிடும்."

"முழுசு!"

இப்படி மிளகாய் ஏலம் போல நடந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பேராச்சி வந்தாள். கையில் துணிப்பை. தலையில் பூ வைத்து, புறப்படுகிற சேலை கட்டி, எப்போதோ தயாராகி உட்கார்ந்திருந்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது. முகத்தில் அண்ணனுடைய காதுச் சிவப்பு அப்படியே இருந்தது. குடும்பச் சொத்து.

"ஏண்ணே, அந்தப் பாதிக்கா என்னை இங்கன உக்காத்தி வச்சிருக்க?"

வீரபாகு வாயைத் திறந்தார். பேராச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெருப் பொம்பளையெல்லாம் காலையிலேருந்து வந்து, 'ஒங்க அண்ணன் இன்னும் வரலியா, வரலியா'ன்னு துக்கம் கேக்க மாதிரிக் கேட்டுட்டுப் போறாளுவ. நீ இங்க வந்து நின்னு பாதிங்குத, முக்காலுங்குத. நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுத சைக்கிளா?"

அப்போதுதான் அது வெடித்தது. "தெரியாது!" என்று வீரபாகு கத்தினார். தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. "எனக்கு அப்பு தெரியாது! ஒரு மண்ணும் தெரியாது! கேட்டுக்கிடுங்கலே எல்லாரும்! தென்காசியில இருக்கப்பட்ட ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது! போதுமா?"

கூட்டத்தின் ஓரத்தில் காது மந்தமான பெரியவர் ஒருத்தர் பக்கத்து ஆளிடம், "என்னவாம்?" என்றார்.

"அப்பு தெரியாதாம் பாட்டையா."

"தெரியாதா? அவ்வளவு வயசுக்கா? அப்ப ஒண்ணு குடுத்துக் காட்டுங்கலே!"

தெரு சிரித்த சிரிப்பில் நெல்லையப்பனும் வாயைத் திறந்து சிரித்துவிட்டான். அந்தக் கருப்பு இடைவெளியை வீரபாகு முதல்முறையாக நேராகப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆனால் காது கொஞ்சம் வெளுத்தது.

பேராச்சி சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "அவன் சொல்லிட்டான். இப்ப நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தட்டி சொல்ல?"

"ஒங்களுக்கு மட்டும் அப்பு தெரியுமா? அருவிக்குப் போயி எண்ணெயெல்லாம் தலையில அப்பிக்கிட்டவுகதான? அந்தச் சைக்கிளுக்கு ஒரு சொட்டு விடணும்னு தோணிச்சா? ஆத்துல முக்கி அலசிக் கொண்டாந்தியள்லா. சொல்லுங்க. நாலு பேரு கேக்கணும்."

நெல்லையப்பன் நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தான். தெரு காத்திருந்தது. "எனக்கும் தெரியாது," என்றான், பல்லில்லாத பக்கமாக.

"கேக்கல."

"எனக்கும் தெரியாதுட்டி! போ! போயிட்டு வா! நான் நாளைக்கு விருந்துக்கு வாரேன்!"

பேராச்சி பஸ்ஸில் போனாள். அண்ணன் சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னதற்கு, "வேண்டாம்ணே, ஒரு வாரத்துக்கு எனக்கு எந்த அப்பும் வேண்டாம்" என்றுவிட்டாள். வழியில் காஜாவின் பஸ் வீரபாகுவைத் தாண்டியது. ஃபுட்போர்டிலிருந்து காஜா, "சொல்லிட்டாரு! முழுசாச் சொல்லிட்டாரு!" என்று ரோட்டோரத்து வயல்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே போனான். சன்னலுக்குள் பேராச்சி தலையைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று. அது அழுகையாக இருக்காது.

ஆடி ஒன்றாம் தேதி வீட்டில் பாயசம் கொதித்தது. மாப்பிள்ளை விருந்துக்கு வந்து, முறுக்கைக் கடிக்க முடியாமல் காபியில் நனைத்துத் தின்றான். மத்தியானம் இலை எடுத்து முடிக்கவில்லை. வாசலில் பெல் சத்தம். குத்துக்கல்வலசையிலிருந்து ஒருத்தன் பளபளவென்று ஒரு புதுச் சைக்கிளோடு நின்றான். நேற்று நடந்தது அந்தப் பக்கம் இன்னும் எட்டவில்லையோ, எட்டியும் வேடிக்கை பார்க்க வந்தானோ, தெரியவில்லை.

"அண்ணாச்சி, அப்பு ஒரு பார்வை பாக்கணும்."

உள்ளே மாப்பிள்ளையும் பேராச்சியும் மெல்லுவதை நிறுத்தினார்கள். முத்துவடிவு கரண்டியோடு நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

வீரபாகு இறங்கிப் போனார். முன்சக்கரத்தைத் தூக்கினார். சுண்டினார். சக்கரம் சுற்றிற்று, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் வெற்றிலைப் பெட்டியைத் தொடவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நிற்கிற வழியாகக் காணோம். காது மடல் மெல்ல மெல்லச் சிவந்து வந்தது.

"மசூது கடையிலேருந்துதான வார?"

"ஆமா அண்ணாச்சி."

"நேரே அங்கனயே திரும்பிப் போ. போயி அப்புல கிரீஸை அப்பிட்டு வாலே. இல்லன்னா நான் அப்பிருவேன்!"